சுமாரானவர்களே ஏன் மேலே வருகிறார்கள்? அரசியல், சினிமா, புகழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். பேச்சு அன்றைய செய்தித்தாளில் தொடங்கும், பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். இத்தனை படித்தவர்கள் இருக்கிற மாநிலத்தில் மேடையில் நிற்பவர்களும் திரையில் வருபவர்களும் மட்டும் ஏன் இவ்வளவு சுமாராக இருக்கிறார்கள்? அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

சுமாரானவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? படிக்காதவரையா?

இல்லை. இதைத் தெளிவாக்காமல் மேலே போனால் மிச்சம் எல்லாமே தப்பாகிவிடும். காமராசர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார், பள்ளிகளில் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். ஊர் ஊராக அலைந்தே இந்த மாநிலத்தைப் படித்தவர் அவர்.

நான் சுமாரானவர் என்று சொல்வது, கையில் இருக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளாமல், கற்றுக்கொள்ளவில்லையே என்ற உறுத்தலும் இல்லாமல் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவரை. அவருக்கு இரண்டு பட்டங்கள் இருக்கலாம். நல்ல மனிதராகவும் இருக்கலாம். தன் துறையின் மானியக் கோரிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அதிகாரி கொடுத்த தாளை வாசித்துவிட்டு உட்காரும் அமைச்சர் சுமாரானவர். இருபது படம் முடித்த பிறகும் நான்கு வரி வசனத்தை ஒரே மூச்சில், பொருள் விளங்கும்படி சொல்ல முடியாத கதாநாயகன் சுமாரானவர். இரண்டு பேருக்கும் அது ஒரு குறையாகவே தெரியாது, ஏனென்றால் அதற்காக அவர்களை யாரும் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை.

அந்தக் காலம் மட்டும் பொற்காலமா? அப்போதும் மக்கள் நல்லவர்களைத் தோற்கடித்தார்களே?

தோற்கடித்தார்கள். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் அம்பேத்கர் 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் பம்பாயில் தோற்றார், 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். சி. சுப்பிரமணியம் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தபோது, 1966இல், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை கப்பலில் வந்தது. பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் அது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். அதே 1967இல் காமராசர் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார். பிற்காலத்தில் இரோம் சர்மிளா. ஆயுதப்படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து 16 ஆண்டுகள் உண்ணாவிரதம் இருந்த அந்தப் பெண்ணுக்கு 2017 மணிப்பூர் தேர்தலில் கிடைத்தது 90 வாக்குகள். அந்த எண்ணைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1967இல் காமராசர் கட்சியைத் தோற்கடித்தவர்கள் சுமாரானவர்கள் இல்லை. அண்ணா முதுகலை படித்தவர், எழுத்தாளர், 1962 முதல் மாநிலங்களவையில் பேசிப் பழகியவர். காமராசரை வென்ற மாணவர் தலைவர்கூட 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து வந்தவர். அன்று ஒரு பயிற்சியை இன்னொரு பயிற்சி வென்றது. வாக்காளர் தப்பு செய்வது எல்லாக் காலத்திலும் உண்டு. நான் கவலைப்படுவது வாக்குச்சீட்டில் பெயர் ஏறுவதற்கு முன்னால் நடப்பதைப் பற்றி.

அப்படியானால் எதுதான் மாறியது?

நாற்றங்கால் போய்விட்டது. என்னைக் கேட்டால் விஷயமே இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நெல்லை நேராக வயலில் வீசுவதும் உண்டு, நாற்றுவிட்டுப் பறித்து நடுவதும் உண்டு. நாற்றங்காலில் எது தேறும், எது சாவி என்னும் பதர் என்று முன்பே தெரிந்துவிடும். அரசியலுக்கு அப்படி ஒரு நாற்றங்கால் இருந்தது. 1910களின் கடைசியில் ஈரோடு நகராட்சித் தலைவர் பெரியார், சேலம் நகராட்சித் தலைவர் ராஜாஜி. பின்னாளில் கொள்கையில் எதிரெதிராக நின்ற அந்த இரண்டு பேருக்கும் நட்பு ஏற்பட்டது அந்த நாட்களில்தான். 1920களில் அகமதாபாத் நகராட்சியில் படேல், அலகாபாத்தில் நேரு, கல்கத்தா மாநகராட்சியில் சுபாஷ் சந்திர போஸ். நகராட்சி என்றால் குழாயும் சாக்கடையும் வரிவசூலும்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் சித்தாந்தம் பேசித் தப்பிக்க முடியாது. ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே ஒழுகுகிறது என்று அங்கே கற்றுக்கொண்டுதான் அவர்கள் பெரிய மேடைக்குப் போனார்கள்.

இப்போது நம் மாநிலத்தைப் பாருங்கள். 2011இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2016இல் நடக்க வேண்டியது நின்றுபோயிற்று. ஊரகப் பகுதிகளில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில், மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நகராட்சிகளில் ஐந்தாண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதியே இல்லை, தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2016இல் வார்டு உறுப்பினராக நிற்க ஆசைப்பட்ட இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு முதல் வாய்ப்பு வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதற்குள் அவள் வேறு வேலைக்குப் போயிருப்பாள். சரி, அந்த இடைவெளியில் யார் வளர்ந்தார்கள்? மாவட்டச் செயலாளரின் காருக்குப் பின்னால் ஓடியவர்கள் வளர்ந்தார்கள்.

படிப்பகங்களையும் சொல்ல வேண்டும். திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் சின்ன ஊர்களில்கூடக் கீற்றுக்கொட்டகையில் படிப்பகம் வைத்திருந்தன. சலூனில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார், எழுதப் படிக்கத் தெரியாதவர் கேட்டுவிட்டுக் கேள்வி கேட்பார். நான் சிறுவனாக அப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சாளர் தப்பான ஆண்டைச் சொன்னால் முன்வரிசையில் இருக்கும் சைக்கிள் கடைக்காரர் எழுந்து திருத்துவார். அந்தப் பயத்தில்தான் பேச்சாளர்கள் படித்துவிட்டு வந்தார்கள்.

சினிமாவுக்கும் நாற்றங்கால் இருந்தது, நாடகக் கம்பெனி. எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். சிவாஜி கணேசன் சிறுவனாக நாடகத்தில் சேர்ந்து பெண் வேடம் உட்பட எல்லாம் போட்டவர். பாட்டு, வசனம், கால் அசைவு, குரலைக் கடைசி வரிசைக்கு அனுப்புவது எல்லாம் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது. அந்தக் கம்பெனிகளில் பிள்ளைகள் அடி வாங்கினார்கள், வீட்டைவிட்டுப் பிரிந்து கிடந்தார்கள். அந்தக் கொடுமை திரும்ப வர வேண்டாம். ஆனால் பயிற்சியும் கொடுமையும் ஒன்றில்லையே. கொடுமையை ஒழித்தபோது பயிற்சிக்கு வேறு வீடு கட்டித் தந்திருக்க வேண்டும்.

கட்சிகள் ஏன் திறமையானவர்களைத் தேடிப் பிடிப்பதில்லை?

தேவை இல்லை என்பதால்.

1954இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராசரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்ற காமராசர் இரண்டு பேரையும் தன் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார், நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்திடமே இருந்தன. இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு அது கணக்கு என்றே தோன்றுகிறது. தன்னைவிட ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் தன் ஆட்சி நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன் இடத்தைப் பற்றிப் பயம் இல்லாதவரால்தான் அப்படிச் செய்ய முடியும்.

பயம் இருக்கிற தலைவர் என்ன செய்வார்? தன் தோளுக்கு மேல் வளராதவர்களாகப் பார்த்து எடுப்பார். அவர்கள் தங்கள் தோளுக்குக் கீழே இருப்பவர்களாகப் பார்த்து எடுப்பார்கள். மூன்று படி இறங்கினால் ஒன்றியச் செயலாளர் வந்துவிடும்.

இதற்குச் சட்டமும் ஒரு விதத்தில் உதவுகிறது. 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லது, 1967இல் ஹரியானாவில் தொடங்கிய ஆயாராம் கயாராம் கூத்தை, அதாவது உறுப்பினர்கள் கட்சிவிட்டுக் கட்சி தாவுவதை, நிறுத்தத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும் என்று ஆன பிறகு, உறுப்பினர் சொந்தமாக யோசித்து எந்த மசோதாவிலும் வாக்களிக்க முடியாது. யோசிப்பவரைத் தேடிப் பிடித்துக் கட்சிக்கு என்ன பயன்? தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். 2017 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட சட்டமன்ற உறுப்பினர்கள் அணி மாறிவிடாதபடி கூவத்தூர் விடுதியில் வைக்கப்பட்டிருந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. லட்சக்கணக்கானவர்கள் தேர்ந்தெடுத்த மனிதர்கள் எண்ணிக்கையாக நின்ற நாட்கள் அவை.

பணம்தானே எல்லாம்?

பெரிய பங்கு. விருப்ப மனு கொடுத்துவிட்டு நேர்காணலுக்குப் போன யாரையும் கேட்டுப்பாருங்கள், முதல் இரண்டு கேள்விகளில் ஒன்று 'எவ்வளவு செலவு பண்ணுவீங்க?' என்பதாகத்தான் இருக்கும். வைட்டமின் ப என்று ஊரே சொல்கிறது. சட்டமன்ற வேட்பாளருக்குச் சட்டப்படி உள்ள செலவு உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி, இத்தனை இடங்களில் பணப்பட்டுவாடாவுக்காகத் தேர்தலே நிறுத்தப்பட்டது. ஆர்.கே. நகரில் வருமான வரித்துறை சோதனையில் சிக்கிய தாள்களில் 89 கோடி ரூபாய்க் கணக்கு இருந்ததாகச் செய்தி வந்தது. ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு.

இந்தப் பணம் வாக்காளரைக் கெடுக்கிறது என்பது எல்லாரும் சொல்வது. அதற்கு முன்பே அது வேட்பாளர் பட்டியலை வடிகட்டிவிடுகிறது. ஊருக்கு ஏரி தூர்வாரிய ஆசிரியர், தொழிலாளர் வழக்குகளைக் காசு வாங்காமல் நடத்தும் வழக்கறிஞர், இவர்கள் அந்த நேர்காணல் அறையிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள். நம் வாக்குச்சீட்டு வரை அவர்கள் பெயர் வருவதே இல்லை.

நடிகர்கள் அரசியலுக்கு வந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணமா?

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்.ஜி.ஆர். 1950களின் தொடக்கத்திலிருந்தே கட்சி மேடையில் இருந்தவர், 1962இல் மேலவை உறுப்பினர், 1967இல் சட்டமன்ற உறுப்பினர், அப்புறம் கட்சிப் பொருளாளர், 1972இல் தனிக்கட்சி, 1977இல் முதலமைச்சர். கணக்குப் போட்டால் இருபது ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்து பழகிய பிறகுதான் நாற்காலி. ஜெயலலிதா 1982இல் கட்சியில் சேர்ந்து, கொள்கை பரப்புச் செயலாளராக இருந்து, 1984இல் மாநிலங்களவைக்குப் போய், 1989இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பிறகே 1991இல் முதலமைச்சர் ஆனார். அவர்கள் ஆட்சியைப் பற்றி எனக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆனால் வேலை பழகாமல் வந்தவர்கள் என்று சொல்ல முடியாது.

சிவாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். நடிப்பில் அவருக்கு மேல் யார்? தனிக்கட்சி தொடங்கி 1989இல் திருவையாற்றில் நின்று தோற்றார். ஒரு கலையில் சிகரம் தொட்டது இன்னொரு வேலைக்குத் தகுதி ஆகாது என்று அன்று வாக்காளர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று தெரிந்தது இன்று மறந்துபோகக் கூடாது என்பதே என் கவலை. நடிகர் வரலாம், விவசாயி வரலாம், பொறியாளர் வரலாம். எத்தனை நாள் பழகினீர்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சினிமாவில் படம் நன்றாக இல்லாவிட்டால் ஓடாதே? அங்கே எப்படிச் சுமார் நிலைக்கிறது?

ஓடுவது என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அவ்வளவு போகவே வேண்டாம், நூறு நாள், வெள்ளிவிழா என்று கணக்குப் பார்த்த காலத்தை என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். படம் பார்த்துவிட்டு வந்தவர் டீக்கடையில் சொல்வார், கேட்டவர் அடுத்த வாரம் போவார். அந்த வாய்ப்பேச்சுதான் தீர்ப்பு. முதல் வாரம் காலியாகக் கிடந்து, மூன்றாவது வாரம் பிடித்துக்கொண்ட படங்கள் உண்டு.

இப்போது ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் வெளியிட்டு, வெள்ளி, சனி, ஞாயிறில் பாதிக்கு மேல் எடுத்துவிட வேண்டும். முதல் நாள் டிக்கெட் வாங்குகிறவர் படத்தை இன்னும் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்து, டீசரைப் பார்த்து வாங்குகிறார். அதாவது படம் நன்றாக இருக்கிறதா என்று யாருக்கும் தெரியும் முன்பே காசு வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் தயாரிப்பாளர் எதற்குச் செலவழிப்பார்? ஓப்பனிங் தருகிற முகத்துக்கு. எழுத்தாளருக்குக் கொடுப்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை. நடிகர் நடிப்பைத் தேற்றிக்கொள்ளவும் காரணம் இல்லை. அரசியலில் பேச்சைக் கேட்கும் முன்பே கூட்டத்தை எண்ணிவிடுகிறோமே, அதே கதைதான்.

மக்கள் கேட்பதைத்தானே கொடுக்கிறார்கள்? மக்களைச் சொல்லுங்கள் முதலில்.

என்னைச் சொல்கிறேன் முதலில்.

பல ஆண்டுகளுக்கு முன் மாவட்ட அளவில் ஒரு பேச்சுப்போட்டி. மூன்று நடுவர்களில் நான் ஒருவன். தலைப்பு, நீர் மேலாண்மை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள், ஒல்லிக்குச்சி, குரல் சின்னது. தன் ஊர் ஏரியைப் பற்றிப் பேசினாள். எத்தனை மதகு, எது அடைத்துக் கிடக்கிறது, உபரிநீர் வழியும் கலிங்கல் வழியாகத் தண்ணீர் போய் ஆறு ஆண்டு ஆகிறது, வரத்துக்காலில் யார் வீட்டுச் சுவர் நிற்கிறது என்று தாத்தா சொன்னார், எல்லாம் அடுக்கினாள். கையில் தாள் இல்லை. நடுவில் ஒரு இடத்தில் நின்றுபோய், யோசித்து, சரியான சொல்லைப் பிடித்துத் தொடர்ந்தாள். அந்த ஒரு கணம் போதும் எனக்கு, அவள் மனப்பாடம் செய்துவரவில்லை.

அடுத்து ஒரு பையன். ஒரு சினிமா நாயகனின் மேடைக்குரலை அப்படியே பிடித்திருந்தான். கையைச் சுழற்றி ஒரு பஞ்ச் டயலாக், அரங்கம் அதிர்ந்தது. தண்ணீரைப் பற்றி அவன் சொன்னது மொத்தம் இரண்டு வரி, இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. பிள்ளைகள் விசில் அடித்தார்கள், ஆசிரியர்களும் கைதட்டினார்கள். முடிந்ததும் போட்டியை நடத்தியவர்கள் எங்களிடம் வந்து, "சார், கூட்டத்தோட ரெஸ்பான்ஸைப் பாத்தீங்கல்ல" என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தப் பெண்ணுக்கு எட்டு போட்டிருந்தேன், பையனுக்கு ஆறு. ஆறை எட்டாகத் திருத்தினேன். என் பக்கத்து நடுவரும் திருத்தினார். கோப்பை அவனுக்குப் போயிற்று.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. அன்று அவள் கற்றுக்கொண்டுபோனது என்னவென்று மட்டும் தெரியும். ஏரியைப் பற்றி நான்கு மாதம் விசாரித்தாலும் ஒரு பஞ்ச் டயலாக்குக்கு ஈடாகாது என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என்னை யாரும் மிரட்டவில்லை, காசும் தரவில்லை. கைதட்டல் ஓசைக்குப் பணிந்தேன். அதனால்தான் மக்கள் கேட்கிறார்கள் என்ற பதிலை நான் ஏற்பதில்லை. அந்த அரங்கத்துப் பிள்ளைகள் கைதட்டியது இயல்பு. எடை போடுவதற்கென்று உட்காரவைக்கப்பட்டவர்கள் எடை போடவில்லை. பத்திரிகை ஆசிரியர், விருதுக் குழு, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சியின் ஆட்சிமன்றக் குழு, பல்கலைக்கழகத் தேர்வுக் குழு என்று அந்த நாற்காலிகள் எங்கும் இருக்கின்றன.

தகுதி, திறமை என்று பேசுவதே இடஒதுக்கீட்டுக்கு எதிரான பேச்சு ஆகாதா?

நல்ல கேள்வி, நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. இந்தச் சொற்களைச் சொல்லித்தான் நூறு ஆண்டுகளாக ஒரு பெரிய கூட்டத்தை வெளியே நிறுத்தினார்கள். சோழர் கால ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆம் ஆண்டுகள். குடவோலையில் பெயர் எழுத வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். சபையின் குழுவான வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவர் திரும்ப நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. கடைசி விதியைப் படிக்கும்போது இன்றைக்கும் மனம் துள்ளுகிறது. ஆனால் அது நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை. ஏரி வெட்டியவர்களுக்கு அங்கே ஓலை இல்லை. கணக்குக் காட்டு என்ற விதியை எடுத்துக்கொள்வோம், வாசலை அடைத்த விதிகளைத் தள்ளுவோம்.

இடஒதுக்கீடு சுமாரானவர்களைக் கொண்டுவந்தது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 69 விழுக்காடு ஒதுக்கீடு உள்ள இதே மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளுக்குப் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சரி, இங்கே இடஒதுக்கீடே இல்லாத இரண்டு இடங்கள் எவை? சினிமாவில் கதாநாயகன் இடம், கட்சியில் தலைமை இடம். வாரிசுகள் நிறைந்திருப்பது அந்த இரண்டிலும்தான். வாசலைத் திறந்துவைத்த இடத்தில் போட்டி கூடியது, தரம் ஏறியது. வீட்டுக்குள்ளேயே கைமாறும் இடத்தில்தான் தரம் சரிந்தது.

சமூக ஊடகம் வந்த பிறகுதானே இவ்வளவு மோசம்?

வேகம் கூடியது, அவ்வளவே. அதே செல்பேசியில் ஒரு நாகசுவரக் கலைஞரின் தோடி ராகத்தையும் கேட்க முடிகிறது, மண் பரிசோதனை சொல்லித்தரும் விவசாயியையும் பார்க்க முடிகிறது. எதை மேலே தள்ளுவது என்று முடிவு செய்யும் எந்திரத்துக்கு நின்று பார்த்த நொடிகள் மட்டும்தான் தெரியும் என்பது உண்மை. கோபமும் கிண்டலும் நம்மை நிறுத்திவைக்கும், கற்றுக்கொடுப்பது சில நேரம் தாண்டிப்போக வைக்கும். இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ரசிகர்களை மட்டமாகப் பேசுகிறீர்களா?

ஒருபோதும் இல்லை. ஒரு நடிகரின் பெயரில் ரத்ததானம் செய்து, வெள்ளத்தில் படகு ஓட்டி, பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்த இளைஞர்கள் என் மாணவர்களாக இருந்திருக்கிறார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவனுக்கு மன்றத்தில் செயலாளர் பதவி கிடைத்தது, முதன்முதலாக ஒரு கூட்டத்தை நடத்திப் பார்த்தான். அந்தப் பற்று பொன் மாதிரி. அதை வாங்கிக்கொள்பவர்கள் அதற்கு ஈடாக எதையும் திருப்பித் தருவதில்லையே என்றுதான் எனக்குக் கோபம்.

2025 ஜூனில் பெங்களூரு கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர், குழந்தைகள் உட்பட. யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால் இரண்டு இடத்திலும் கூட்டத்தின் அளவுதான் பெருமையாகப் பேசப்பட்டது. கூட்டமே தகுதிச் சான்றிதழ் என்று ஆகிவிட்டால், ஒவ்வொருவரும் பெரிய கூட்டத்தைக் காட்டத்தான் பார்ப்பார்கள். தண்ணீருக்கும் நிழலுக்கும் வெளியேறும் வழிக்கும் யார் பொறுப்பு என்று கேட்கும் பழக்கம் அந்த ஓசையில் போய்விடுகிறது.

நாங்கள் என்ன செய்ய முடியும்? வாக்களிப்பதைத் தவிர?

வேட்பாளரின் சொத்து, கல்வி, வழக்கு விவரங்கள் உறுதிமொழிப் பத்திரமாகத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2002, 2003இல் கொடுத்த தீர்ப்புகளால் கிடைத்த உரிமை அது. பத்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். விருது, போட்டி, தேர்வு என்று எதிலாவது உங்களை எடைபோடச் சொன்னால், நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆண்டுக்கு ஆறு நாள். நூலகத்துப் பிள்ளைகள் நால்வரை அழைத்துக்கொண்டு ஒரு அக்டோபர் 2 அன்று எங்கள் ஊராட்சியில் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வார்டு உறுப்பினர் ஒரு அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், எழுந்து ஒரு நாற்பது பக்க நோட்டைப் பிரித்தார். மேல்நிலைத் தொட்டியை எந்தெந்தத் தேதியில் கழுவினார்கள், எத்தனை கிலோ பிளீச்சிங் பவுடர் வந்தது, மோட்டாருக்கு எத்தனை முறை கம்பிச்சுருள் மாற்றிக் கட்டப்பட்டது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஆயிற்று என்று வாசித்தார். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "மூணாவது தடவை பில்லு எவ்வளவும்மா, திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னார். ஊராட்சிப் பதிவேட்டில் இருந்த தொகை வேறு. செயலர் ரசீதைத் தேடிக்கொண்டுவருவதாக எழுந்து போனார், நாங்கள் காத்திருந்தோம்.

பிள்ளைகளில் ஒருத்தி அந்த அம்மாவின் நோட்டை வாங்கித் தன் செல்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டாள். அந்த ரசீது அன்று கிடைக்கவில்லை. நவம்பர் 1 கூட்டத்தில் அதைக் கேட்பது என்று முடிவாயிற்று.